வயசான பெண் குதிரைக்கு முதல் குட்டி: பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், ஃபார்ம் 16னு பேசிட்டு இருக்கிற நம்ம பக்கத்துல இன்னைக்கு ஒரு குதிரையைப் பத்திப் பேசப் போறோம். "எங்க வீட்ல குதிரை இல்லையே"னு மூடிட்டுப் போயிடாதீங்க. ஊர்ல அப்பா ஒரு ஆசையைச் சொல்றார், நீங்க சம்பளத்துல இருந்து பணம் அனுப்பணும், திரும்பி வருமான்னு தெரியாது. இந்த நிலைமை உங்களுக்கும் ஒருநாள் வரும். குதிரைக்குப் பதிலா அது போர்வெல்லா இருக்கலாம், மாட்டுக் கொட்டகையா இருக்கலாம். கணக்குப் போடுற முறை ஒண்ணுதான்.

இப்படி வச்சுக்கோங்க. நீங்க சென்னையில வேலை பார்க்கிறீங்க. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கத்துல குளத்தூர். வீட்டுல ஒரு பெண் குதிரை, வயசு 15. வண்டியில பூட்டியிருக்கு, சுத்துப்பட்டு எல்கைப் பந்தயத்துக்கு ரெண்டு மூணு தடவை போயிருக்கு, கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் நடந்திருக்கு. ஆனா இதுவரைக்கும் குட்டி போட்டதே இல்ல. ஒருநாள் அப்பா போன் பண்றார்: "இதோட வம்சம் இதோட முடிஞ்சிரும் போலப்பா. பக்கத்து ஊர்ல நல்ல ஆண் குதிரை இருக்கு. சேர்க்கைக்கு ஆகுற காசு மட்டும் அனுப்பு, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

நீங்க ஜிபேயைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன்: நான் ஆடிட்டர், கால்நடை டாக்டர் இல்ல. மருத்துவ முடிவு டாக்டருடையது. அந்த முடிவுக்குப் பின்னாடி இருக்கிற பணமும் ரிஸ்க்கும்தான் நம்ம ஏரியா.

"தாய் நம்மகிட்டயே இருக்கு, குட்டி சும்மாதானே?"

எல்லார் வீட்டுலயும் கணக்கு இங்கதான் தப்பா ஆரம்பிக்குது. தாய் இருக்கு, கொட்டகை இருக்கு, புல்லு இருக்கு. செலவு சேர்க்கைக் கட்டணம் மட்டும்தான்னு மனசு சொல்லும். வீட்டுல ஏற்கெனவே இருக்கிற பொருளுக்கு நாம விலையே போடுறதில்ல.

குதிரையை விலைக்கு வாங்குறதா, நாமளே குட்டி எடுத்து வளர்க்கிறதாங்கிறது நம்ம ஊருக்குப் புதுக் கேள்வியும் இல்ல. தமிழ்நாடு ரொம்ப காலமா குதிரையை வாங்கின நாடு. மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாண்டிய மன்னன் கஜானா பணத்தைக் கொடுத்து குதிரை வாங்க அனுப்புறார், அந்தப் பணம் திருப்பெருந்துறையில கோயில் திருப்பணிக்குப் போயிடுது, அப்புறம் நரி பரியாகி, ராத்திரியோட ராத்திரியா பரி திரும்ப நரியாகுது. அந்தத் திருப்பெருந்துறை இன்னைக்கு இதே புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கிற ஆவுடையார்கோவில். கதையோட ஆன்மிகப் பொருள் வேற. ஆனா ஒரு அரசன் குதிரைக்காக கஜானாவையே திறந்து விட்டிருக்கான்னா, அந்தக் காலத்துல குதிரை எவ்வளவு பெரிய செலவுன்னு பாருங்க.

13ஆம் நூற்றாண்டோட கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு விஷயம் எழுதியிருக்கார். இங்க இருக்கிற அரசர்கள் வருஷத்துக்கு 2,000க்கு மேல குதிரை வாங்குறாங்க, வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சுறதில்ல, பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாததுதான் காரணம்ங்கிறார். நல்ல பெட்டையை நல்ல ஆண் குதிரையோட சேர்த்தாக்கூட இங்க கால் கோணின குட்டிதான் பிறக்குதுன்னும் சொல்றார். வெளிநாட்டுப் பயணி எழுதினதை அப்படியே முழுக்க நம்ப வேண்டியதில்ல. ஆனா ஒரு விஷயம் இன்னைக்கும் பொருந்தும். குதிரையோட விலை எல்லாருக்கும் தெரியும், பராமரிப்போட விலை வாங்கினதுக்கு அப்புறம்தான் தெரியும்.

ஊர் எல்லையில அய்யனார் கோயில்ல நிக்கிற மண் குதிரைக்குத் தீனிச் செலவு கிடையாது. கொட்டகையில நிக்கிறதுக்கு உண்டு.

15 வயசுன்னா என்ன அர்த்தம்?

குதிரை சாதாரணமா 25 வருஷத்துக்கு மேலயே வாழும். அதனால 15 வயசு கிழடு இல்ல. வண்டி இழுக்கும், ஓடும், பார்க்க கம்பீரமா இருக்கும். ஆனா சினைப் பிடிக்கிற திறன் அந்த வயசுல இறங்க ஆரம்பிச்சிருக்கும். 20ஐ நெருங்க நெருங்க நல்லாவே குறைஞ்சிடும்.

இதுல வயசு ஒரு பிரச்சினைன்னா, "முதல் தடவை"ங்கிறது இன்னொரு பிரச்சினை. ஒருவாட்டியும் குட்டி போடாத கர்ப்பப்பை புதுசு மாதிரி இருக்கும்னு நாம நினைப்போம். அப்படி இல்ல. பயன்படுத்தாட்டியும் வயசோட கர்ப்பப்பையோட உள்சுவர் தழும்பேறி கெட்டியாகும். கர்ப்பப்பை வாய் சரியா தளராம, சேர்க்கைக்கு அப்புறம் உள்ள திரவம் தேங்கும். தேங்கினா நோய்த்தொற்று வரும், கரு நிக்காது. கருமுட்டைக்கும் தாயோட வயசேதான். அதனால சினைப் பிடிச்சாலும் முதல் சில வாரத்துலயே கலையுற வாய்ப்பு இளம் குதிரையை விட அதிகம்.

"ஒரு குட்டியாவது போட்டாத்தான் அதோட உடம்புக்கு நல்லது"ன்னு யாராவது பெரியவங்க சொல்லுவாங்க. அதுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்ல. குட்டி போடாமலே ஒரு குதிரை நிம்மதியா முழு ஆயுசும் வாழலாம். இந்தக் குட்டி குதிரைக்குத் தேவை இல்ல, வீட்டுக்காரங்களுக்குத்தான் வேணும். அதை நேர்மையா ஒத்துக்கிட்டு மேல போவோம்.

முதல் செலவு: குட்டிக்கு இல்ல, தகவலுக்கு

லோன் கொடுக்கிறதுக்கு முன்னாடி பேங்க் சிபில் ஸ்கோர் பார்க்குதுல்ல? அதே மாதிரி ஒண்ணு குதிரைக்கும் இருக்கு. ஆண் குதிரைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கால்நடை டாக்டர்கிட்ட முழு இனப்பெருக்கப் பரிசோதனை பண்ணுங்க. பொதுவா இதெல்லாம் பார்ப்பாங்க:

1. உடம்பு நிலை, பல், கால், குளம்பு. கால்வலி இருக்கிற குதிரை 11 மாசம் கூடுதல் எடையைச் சுமக்கணும்ங்கிறதை மறக்காதீங்க.

2. கர்ப்பப்பை, சினைப்பை ஸ்கேன். நீர்க்கட்டி இருக்கா, திரவம் தேங்கியிருக்கான்னு தெரியும்.

3. கர்ப்பப்பையில இருந்து மாதிரி எடுத்து நோய்த்தொற்று சோதனை.

4. கர்ப்பப்பை உள்சுவர்ல இருந்து சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி.

இதுல நாலாவதுதான் நம்ம சிபில் ஸ்கோர். கென்னி-டாய்க்னு ஒரு தரவரிசை உலகம் முழுக்கப் பயன்பாட்டுல இருக்கு. முதல் தரம் வந்தா குட்டி ஈனும் வாய்ப்பு 80 முதல் 90%. இரண்டாம் தரத்தோட மேல்பிரிவுன்னா 50 முதல் 80%. கீழ்ப்பிரிவுன்னா 10 முதல் 50%. மூணாம் தரம்னா 10%க்கும் கீழ. ஒரே குதிரை, வெளியில பார்க்க ஒரே அழகு. உள்ள 85%மா இருக்கலாம், 8%மா இருக்கலாம். இது தெரியாம சேர்க்கைக்குப் பணம் கட்டுறது, பேலன்ஸ் ஷீட் பார்க்காம நண்பன் சொன்னான்னு ஷேர் வாங்குற மாதிரிதான்.

இந்தப் பரிசோதனை உள்ளூர் மருந்தகத்துல கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். குளத்தூர்க்காரங்க ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில விசாரிக்கலாம். நாமக்கல்லுலயும் சென்னை வேப்பேரியிலயும் கல்லூரிகள் இருக்கு. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, குதிரைக்கு எந்தெந்தப் பரிசோதனை, என்னைக்குன்னு கேட்டுட்டுப் போங்க.

வயசையும் அங்கேயே உறுதி பண்ணிக்கோங்க. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு பழமொழி. இங்க தாராளமாப் பாருங்க. ஆனா 10 வயசுக்கு மேல பல்லை வச்சுச் சொல்ற வயசு தோராயம்தான். "15"னு வித்தவர் சொன்னது 18ஆக்கூட இருக்கலாம். அந்த மூணு வருஷம் இந்தக் கணக்கையே புரட்டிப் போட்டுடும்.

ஆண் குதிரைக்கும் பேப்பர் கேளுங்க. கிளாண்டர்ஸ்னு ஒரு தொற்றுநோய் குதிரையில இருந்து மனுஷனுக்கும் பரவும். 1899லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டிருக்காங்க. ஆண் குதிரைக்கு கிளாண்டர்ஸ் சோதனையும், குதிரைத் தொற்று ரத்தசோகை சோதனையும் நெகட்டிவ்னு சமீபத்துல வந்த ரிப்போர்ட் இல்லாம உங்க குதிரையைப் பக்கத்துல விடாதீங்க.

இப்போ கணக்கைப் போடுவோம்

கீழ இருக்கிற ரூபாய் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையை அந்தந்த இடத்துல மாத்திப் போட்டுக்கோங்க. முறைதான் முக்கியம்.

• ஆரம்பப் பரிசோதனை: 10,000

• ஒவ்வொரு சேர்க்கை முயற்சிக்கும் (கட்டணம், வண்டி வாடகை, ஸ்கேன்): 15,000

• சினைக்காலம் 11 மாசமும் பேறும் (கூடுதல் தீனி, தடுப்பூசி, டாக்டர்): 60,000

• குட்டி பால் குடிக்கிற 6 மாசம் தாய்க்குக் கூடுதல் தீனி: 20,000

• பால் மறந்ததுல இருந்து 3 வயசு வரை, 30 மாசம் × 6,000: 1,80,000

• பழக்குறதுக்கு: 20,000

இப்போ வாய்ப்பைச் சேர்ப்போம். ஒரு முயற்சியில சினைப் பிடிக்க 40%, பிடிச்சது உயிரோட குட்டியா வர 70%னு வச்சுக்குவோம். அதிகபட்சம் மூணு முயற்சி.

மூணுலயும் பிடிக்காமப் போற வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6 = 21.6%. அப்படின்னா எப்பவாவது ஒண்ணுல பிடிக்கிற வாய்ப்பு 78.4%. அதுல 70% குட்டியா வந்தா சுமார் 55%. கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுற மாதிரி.

சராசரியா 1.96 முயற்சி ஆகும், அது 29,400. பரிசோதனையோட சேர்த்து 39,400. சினைக்காலச் செலவு 60,000ல 78.4% போட்டா 47,040. மொத்தம் 86,440. இதை 55%ஆல வகுத்தா, உயிரோட பிறக்கிற ஒரு குட்டிக்கு உண்மையான செலவு சுமார் 1,57,500 ரூபாய். "சும்மா" வர்ற குட்டியோட விலை இது. அதுவும் குட்டி நின்னு முதல் பால் குடிக்கிறதுக்கு முன்னாடியே.

அது 3 வயசு ஆகி முதுகுல ஆள் ஏத்துற வரைக்கும் இன்னும் 2,20,000. மொத்தம் 3,77,500. நாலு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 7,900 ரூபாய். ஒரு பைக் இ.எம்.ஐ.யை விட அதிகம்.

பரிசோதனையில தரம் குறைவா வந்து, முயற்சிக்கு 20% வாய்ப்புதான்னா? அதே கணக்கைப் போட்டுப் பாருங்க. குட்டி வர்ற வாய்ப்பு சுமார் 34%க்கு இறங்குது, பிறக்கிற ஒரு குட்டியோட செலவு 2,22,000க்கு ஏறுது. அதனாலதான் அந்த 10,000 ரூபாய் பரிசோதனையை முதல் செலவாச் சொன்னேன். இந்தப் பட்டியல்லயே லாபகரமான செலவு அதுதான். "வேண்டாம்"னு பதில் வந்தாக்கூட உங்க லட்ச ரூபாயைக் காப்பாத்தியிருக்கும்.

இந்தக் கணக்குல வராத ஒரு வரி இன்னும் இருக்கு. தாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா? குட்டிக்கு விலை போட்டாச்சு. வீட்டுல ஒருத்தரா வளர்ந்த குதிரைக்கு என்ன விலை போடுவீங்க? வயசு ஏற ஏற, பேறு சமயத்துல கர்ப்பப்பை ரத்தக்குழாய் வெடிக்கிற மாதிரி ஆபத்தும் ஏறுது. அதை எக்செல்ல போட முடியாது. ஆனா அப்பாகிட்டப் பேசும்போது முதல்ல பேச வேண்டியது அதைத்தான்: "குட்டி வேணும்பா, சரி. அதுக்காக இதை இழக்கத் தயாரா?"

போர்வெல் மனநிலை

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. 400 அடி போட்டாச்சு, தண்ணி இல்ல. "இன்னும் 50 அடி போட்டா வந்துரும்"னு வண்டிக்காரர் சொல்லுவார். அந்த 50 அடி 100 ஆகி, 100 அடி 200 ஆகும். ஏற்கெனவே போட்ட பணம் வீணாகக் கூடாதுன்னு மேல மேலப் பணம் போடுற இந்தப் பழக்கத்தை நம்ம வீட்டுக் கணக்குல நிறையப் பேர் பார்த்திருப்பீங்க.

குதிரைச் சேர்க்கையும் அப்படியே. பெண் குதிரைக்கு சுமார் 21 நாளுக்கு ஒருவாட்டி பருவம் வரும். நம்ம ஊர்ல பகல் நேரம் வருஷம் முழுக்கப் பெருசா மாறாததால, குளிர் நாடுகள் மாதிரி "இந்த சீசன் முடிஞ்சது"ன்னு இயற்கையே நிறுத்தாது. ஒவ்வொரு 21 நாளும் "இன்னும் ஒருவாட்டி பாத்துரலாம்"னு தோணும். அதனால நிறுத்தக் கோட்டை நீங்கதான் போடணும், அதுவும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, அப்பாவும் நீங்களும் கையெழுத்துப் போடுங்க:

• பயாப்ஸி இரண்டாம் தரத்தோட கீழ்ப்பிரிவோ அதுக்கும் கீழயோ வந்தா, அதோட நிறுத்தறோம்.

• மூணு முயற்சிக்கு மேல கிடையாது.

• சேர்க்கை முடிஞ்சு 14 முதல் 16 நாளுக்குள்ள ஸ்கேன். இரட்டைக் கருவான்னு அப்பவே பார்க்கணும். குதிரைக்கு இரட்டை ஆபத்து, டாக்டர் சொல்றதை உடனே கேட்கணும்.

• கலைஞ்சா, டாக்டர் காரணம் சொல்லாம அடுத்த முயற்சி இல்ல.

• தாயா குட்டியான்னு ஒரு நிலைமை வந்தா, தாய்தான்.

கடைசி வரியை அந்த ராத்திரியில யோசிக்க முடியாது. இப்பவே எழுதிடுங்க.

ராத்திரி 2 மணிக்கு யார் இருப்பா?

சம்பளக்காரங்க எல்லாரும் மறக்கிற செலவு இது. சினைக்காலம் சராசரி 340 நாள்னு சொன்னாலும், 320ல இருந்து 365 வரைக்கும் எப்ப வேணா ஈனலாம். 45 நாள் இடைவெளி. உங்க கம்பெனியில 45 நாள் லீவு கொடுப்பாங்களா? பெரும்பாலான குதிரைகள் ராத்திரியிலதான் ஈனும். பனிக்குடம் உடைஞ்சு 20, 30 நிமிஷத்துல குட்டி வெளிய வந்துடணும். அரை மணி நேரத்தைத் தாண்டினா அவசரம். கீரனூர்ல இருந்தோ புதுக்கோட்டையில இருந்தோ டாக்டர் கிளம்பி வர்றதுக்கே அந்த அரை மணி நேரம் போயிடும்.

பிறந்ததுக்கு அப்புறமும் கடிகாரம் ஓடும். ஒரு மணி நேரத்துல குட்டி நிக்கணும், ரெண்டு மணி நேரத்துல பால் குடிக்கணும், மூணு மணி நேரத்துல நஞ்சுக்கொடி விழணும். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமத்தான் பிறக்கும், சீம்பால்லதான் அது கிடைக்கும். முதல் நாளே உள்ள போகணும். தாய் படுத்துட்டா குட்டிக்கு ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி பால் புகட்டணும், ராத்திரி பகல் பார்க்காம.

"மத்ததை நான் பாத்துக்கிறேன்"னு அப்பா சொன்னார்ல? அந்த "மத்தது" இதுதான். அவருக்கு வயசு என்ன, ராத்திரி கொட்டகையில 45 நாள் படுக்க முடியுமா, கூட ஆள் வச்சா கூலி எவ்வளவு? இதையும் பட்டியல்ல சேருங்க. அவசரத்துக்குன்னு ஒரு 50,000 ரூபாயைத் தனியா லிக்விட் ஃபண்ட்லயோ சேமிப்புக் கணக்குலயோ வச்சிருங்க. உங்க குடும்பத்தோட எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்காதீங்க.

வரி: எதிர்பார்ப்பு வேண்டாம்

"நஷ்டம் வந்தா ஐ.டி.யில காட்டிக்கலாம்ல?" நிறையப் பேர் இப்படிக் கேட்பாங்க. பதில்: சம்பளத்துல காட்ட முடியாது.

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 71(2ஏ)படி தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட கழிக்க முடியாது. அடுத்த 8 வருஷத்துக்கு, தொழில் வருமானம் வந்தா அதோட மட்டும் கழிக்கலாம். அதுவும் நீங்க அதை உண்மையிலயே தொழிலா நடத்தி, கணக்கு வச்சு, ஐ.டி.ஆர்-1ஐ விட்டுட்டு ஐ.டி.ஆர்-3 போட்டாத்தான். வீட்டு ஆசைக்கு ஒரு குட்டி எடுத்தா அது தொழிலே இல்ல. செலவு முழுக்க உங்க பாக்கெட்ல இருந்துதான்.

குதிரைக்குத் தேய்மானமும் கிடையாது. பிரிவு 43(3) "பிளான்ட்"ங்கிற வார்த்தையில கால்நடையைச் சேர்க்கல. அதுக்குப் பதிலா, தொழிலுக்குப் பயன்படுத்தின மிருகம் செத்தாலோ நிரந்தரமா பயன்படாமப் போனாலோ, வாங்கின விலையில இருந்து கிடைச்ச தொகையைக் கழிச்சு மிச்சத்தைச் செலவாக் காட்டலாம்னு பிரிவு 36(1)ல ஆறாவது உட்பிரிவு சொல்லுது. தொழிலுக்குப் பயன்படுத்தினா மட்டும்.

"விவசாய வருமானம்னு சொல்லிரலாமே"ன்னு ஒரு யோசனை வரும். நிலத்தோட சம்பந்தம் இருக்குங்கிறதுக்காக மட்டும் கால்நடை வளர்ப்பு விவசாயமாகிடாதுன்னு 1957லயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிடுச்சு. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருது, பிரிவு எண்கள் மாறும். ரிட்டர்ன் போடும்போது எந்த வருஷத்துக்கு எந்தச் சட்டம்னு பார்த்துக்கோங்க.

இன்ஷூரன்ஸும் மானியமும்

தேசிய கால்நடை இயக்கத்துல குதிரைக்கும் காப்பீடு உண்டு. 2024 பிப்ரவரியில மத்திய அமைச்சரவை இதைத் திருத்தினப்போ, பயனாளியோட பிரீமியம் பங்கை 15%ஆக் குறைச்சாங்க. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏத்துக்கும். உங்க பகுதி கால்நடை மருந்தகத்துல கேளுங்க. ஆனா ரெண்டு கேள்விக்கு எழுத்துல பதில் வாங்குங்க: குதிரைக்கு வயசு வரம்பு என்ன? சினைக்காலத்துலயோ பேறுலயோ இறந்தா கிளெய்ம் உண்டா?

அதே திருத்தத்துல குதிரை வளர்ப்புத் தொழில் தொடங்க 50% மூலதன மானியம், 50 லட்சம் வரைன்னும் அறிவிச்சாங்க. இதைக் கேட்டதும் கண்ணு விரியும். அது திட்ட அறிக்கை, இடம், பேங்க் லோன்னு பண்ணை ஆரம்பிக்கிறவங்களுக்கு. கொட்டகையில நிக்கிற ஒரே ஒரு குதிரையைச் சினைக்கு விடுற செலவுக்கு இல்ல.

வேற வழி இருக்கா?

இருக்கு. முதல்ல அப்பாவுக்கு வேண்டியது "ஒரு குதிரை"யா, "இதோட குட்டி"யான்னு கேளுங்க. வண்டிக்கு அடுத்த குதிரை வேணும்னா, பால் மறந்த குட்டியையோ பழகின இளம் குதிரையையோ வாங்குறது நல்லது. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுல குதிரைச் சந்தை கூடும், கத்தியவார், மார்வார் குதிரைகளை நேர்ல பார்த்து விலை விசாரிக்கலாம். நம்ம 1,57,500ஐ மனசுல வச்சுக்கிட்டுப் போங்க. வாங்குறதுல ஆணா பெண்ணா, நிறம், கால், குணம் எல்லாம் கண்ணால பார்க்கலாம். பிறக்கப் போறதுல எதையும் பார்க்க முடியாது.

ரெண்டாவது, மாற்றுத் தாய் முறை. வயசான குதிரையோட கருவை ஏழெட்டு நாள்ல வெளிய எடுத்து, இளம் குதிரையோட வயித்துல வைக்கிறது. ஹிசார்ல தலைமையகம் இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம், பிகானேர் வளாகத்துல 2023 மே மாசம் இந்த முறையில மார்வாரி குட்டியைப் பிறக்க வச்சிருக்காங்க. வயசான தாய்க்கு 11 மாசச் சுமையும் பேறு ஆபத்தும் இல்ல. ஆனா கருமுட்டையோட வயசு மாறாது, குளத்தூர்ல இருந்து ஒரு சம்பளக்காரர் இன்னைக்கு நினைச்சதும் பண்ணிக்கிற வசதியும் இது இல்ல.

முதல்ல தாயோட ரிட்டயர்மென்ட்

இதை நிறையப் பேர் யோசிக்கிறதே இல்ல. 15 வயசுக் குதிரை இன்னும் 10, 12 வருஷம் இருக்கும். வண்டி இழுக்குறது ஒருநாள் நிக்கும், வயிறு நிக்காது. மாசம் 6,000னு வச்சா 12 வருஷத்துக்கு 8,64,000 ரூபாய், விலைவாசி ஏறாதுன்னு வச்சுக்கிட்டாலே. இந்தப் பணம் எங்கிருந்து வரும்னு உங்க வீட்டுல யாராவது பேசியிருக்கீங்களா? இதுக்கே ஏற்பாடு இல்லாம ரெண்டாவது குதிரையைக் கொண்டு வந்தா, 25 வருஷத்துக்கு இன்னொரு மாதச் செலவு சேருது. கடைசியில ரெண்டுல ஒண்ணை விக்கணும்னு வரும்போது, வேலை செய்ய முடியாத தாயைத்தான் விப்பாங்க. வம்சம் வேணும்னு ஆரம்பிச்சது அங்க போய் முடியக் கூடாது.

அதனால என் பதில் இதுதான். தாயோட மீதி வாழ்க்கைக்கு மாசாமாசம் பணம் ஒதுக்கியாச்சு, பரிசோதனையில நல்ல தரம் வந்திருக்கு, 1,15,000 ரூபாய் குட்டியே இல்லாமப் போனாலும் வீட்டுல சண்டை வராது, 50,000 தனியா இருக்கு, ராத்திரிக்கு ஆள் இருக்கு. இந்த அஞ்சும் "ஆமா"ன்னா தாராளமா முயற்சி பண்ணுங்க. அதை முதலீடுன்னு சொல்லிக்காதீங்க, அப்பாவோட ஆசைக்குச் செய்ற செலவுன்னு சொல்லுங்க. பிள்ளைங்க சம்பாதிக்கிறது அதுக்கும் சேர்த்துத்தான். அஞ்சுல ஒண்ணு "இல்ல"ன்னாலும், இப்போதைக்கு 10,000 ரூபாய் பரிசோதனையோட நிறுத்துங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அப்பாவுக்குப் போன் பண்ணி, "சேர்க்கைக்கு அப்புறம் அனுப்புறேன்பா, முதல்ல டாக்டர் ஃபீஸ் அனுப்புறேன், ஒரத்தநாட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்"னு சொல்லுங்க. கூடவே நீங்களும் லீவு போட்டுப் போங்க. ரிப்போர்ட்ல வர்ற பதிலை அவர் தனியாக் கேட்க வேண்டாம்.

இந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில படிப்படியாப் போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. உங்க ஊர் எண்களை மாத்திப் போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.